கடலிலிருந்து முப்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊருக்குப் புயல் ஏற்பாடு எதற்கு?

கேள்வி இதுதான். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம், சுமார் முந்நூறு குடும்பங்கள். 2018இல் கஜா புயல் வந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது அங்கே இளைஞர் மன்றம் நடத்துகிறார்கள். மழைக்காலத்துக்கு முன் ஊருக்கென்று ஒரு புயல் ஏற்பாடு செய்துவைக்கலாம் என்று கூட்டம் போட்டால், "நாம் என்ன கடலோரமா? அது நாகப்பட்டினத்துக்காரர்கள் பாடு" என்று பெரியவர்கள் சிலர் கலைத்துவிடுகிறார்களாம். ஏற்பாடு தேவைதானா, தேவை என்றால் எங்கிருந்து தொடங்குவது என்று மன்றத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன், வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன். கஜாவுக்குப் பிறகு தென்னைச் சேதம் கணக்கெடுக்கத் தோப்பு தோப்பாக அலைந்தவர்களில் ஒருவன். ஆகவே பதில் நீளும்.

முதலில் அந்தப் பெரியவர்களுக்கு. 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கரையேறிய புயலை அவர்களே பார்த்திருப்பார்கள். 500 பேருக்கு மேல் இறந்த புயல் அது. கடற்கரையோடு நிற்காமல் தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சி வரைக்கும் போய் அடித்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜாவும் அதே வழக்கம்தான். வேதாரண்யத்தை முடித்துவிட்டுத் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று வந்து, புதுக்கோட்டை மாவட்டத்தின் கந்தர்வகோட்டை, ஆலங்குடி வரை மரங்களைச் சாய்த்துவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையையும் தாண்டி அரபிக் கடலில் இறங்கியது. தென்னை அதிகம் போனது கடலைப் பார்க்காத ஊர்களில்தான்.

காரணம் புரியாத விஷயமல்ல. புயலுக்குக் கடல்நீரின் வெப்பம்தான் தீனி. நிலத்துக்கு வந்தபின் அது மெலியும். ஆனால் மெலிவதற்கு நேரம் வேண்டும். மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் நகரும் புயலுக்கு முப்பது கிலோமீட்டர் என்பது ஒன்றரை மணி நேரம். அதற்குள் என்ன பெரிதாக மெலிந்துவிடும்? நம்முடையதோ கைவிரித்தாற்போல் கிடக்கிற சமவெளி, காற்றைத் தடுக்க ஒரு குன்று கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மண் வேறு ஊறிக் கிடக்கும். ஊறிய மண்ணில் நிற்கும் தென்னைக்கு ஆணிவேரும் இல்லை. நூறு கிலோமீட்டர் வேகக் காற்றும் ஊறிய மண்ணும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அன்று விடிந்ததும் பார்த்தோம்.

காற்று இல்லாவிட்டாலும் புயல் புயல்தான். 2008 நவம்பரில் காரைக்கால் அருகே கரையேறிய நிஷா புயலில் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை. ஒரத்தநாட்டில் கடல் எங்கே இருக்கிறது? அதனால் "கடலோரமா" என்ற கேள்வியைக் கூட்டத்தில் இத்தோடு முடித்துவிடலாம்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கஜாவில் கடற்கரை ஓரளவு தயாராகவே இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் கட்டியிருந்தார்கள். கூண்டு ஏற்றியதும் மீனவர்கள் படகைக் கரையில் கட்டிவிட்டார்கள். கரை கடக்கும் முன்பே 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குப் போய்விட்டார்கள். இவ்வளவு பெரிய புயலில் உயிரிழப்பு பல நூறாகப் போகாமல் நின்றதற்கு அதுதான் காரணம். இதில் அரசைப் பாராட்டத் தயங்க வேண்டியதில்லை. சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று, உள்ளே இருந்த ஊர்களில் அன்று இரவு யாரும் வீட்டைவிட்டு நகரவில்லை. இரண்டு, விடிந்த பிறகு வந்த வாரங்களுக்கு எவரிடமும் ஏற்பாடு இல்லை. அரசிடமும் இல்லை, ஊரிடமும் இல்லை. ஒரு புயல் இரவு ஆறேழு மணி நேரம். மின்சாரமும் தண்ணீரும் இல்லாத காலம் பல கிராமங்களில் வாரக்கணக்கில் நீடித்தது. உங்கள் மன்றம் உழைக்க வேண்டியது அந்த வாரங்களுக்காகத்தான்.

ஆனாலும் இரவைச் சொல்லாமல் போக முடியாது, உயிர் போவது அப்போதுதான்.

நம் பக்கம் செத்தவர்களில் பலர் வெள்ளத்தில் சாகவில்லை. சுவர் இடிந்தும், மரம் விழுந்தும், மறுநாள் அறுந்து கிடந்த கம்பியை மிதித்தும் செத்தார்கள். மண்சுவர் வைத்த கூரை வீடு, பழைய ஓட்டு வீடு, காரை பெயர்ந்த தொகுப்பு வீடு, மரத்தை ஒட்டிய வீடு, இவற்றில் அன்று இரவு யாரும் படுக்கக் கூடாது. சிமென்ட் ஷீட் போட்ட வீடும் ஆகாது; ஷீட் பறக்க ஆரம்பித்தால் அரிவாள் பறக்கிற மாதிரி. அப்படியானால் எங்கே போவது? பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம் என்று சொல்வார்கள். முந்நூறு குடும்பத்துக்கு அது போதாது. ஊரில் உறுதியான கான்கிரீட் வீடுகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் ஓர் இரவு எத்தனை பேர் உட்காரலாம், எந்தத் தெரு எந்த வீட்டுக்குப் போகும் என்று தெருவாரியாக எழுதுங்கள்.

இதில் ஒரு வெளிப்படையான பேச்சு வேண்டும். மாடி வீடுகள் பெரும்பாலும் ஒரு தெருவில், கூரை வீடுகள் காலனித் தெருவில் என்பதுதான் நம் ஊர்களின் அமைப்பு. நள்ளிரவில் காற்று அடிக்கும்போது "இந்த வீட்டுக்குள் ஏறலாமா, ஏறினால் என்ன சொல்வார்கள்" என்று ஒரு தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்து நின்றால், அது அந்த ஊர் செய்த கொலை. இதை அன்று இரவு பேசித் தீர்க்க முடியாது. வெயில் காலத்திலேயே அந்தந்த வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சம்மதம் வாங்கி, அந்தக் குடும்பங்களையும் அழைத்துப்போய் "இதுதான் உங்கள் வீடு" என்று காட்டிவிட வேண்டும். சம்மதம் தராதவர் பெயரை வற்புறுத்தி எழுதாதீர்கள். கதவு திறக்காத வீடு பட்டியலில் இருப்பது ஆபத்து. என்னைக் கேட்டால், நீங்கள் செய்யப்போகிற வேலைகளிலேயே கடினமானது இதுதான். ஜெனரேட்டர் வாங்குவது இதைவிடச் சுலபம்.

அன்று இரவு பலரை ஏமாற்றிய இன்னொரு விஷயம் புயலின் கண், அதாவது புயலின் நடுவே காற்று அடங்கிக் கிடக்கும் பகுதி. எங்கள் பக்கம் முதலில் வடக்கத்திக் காற்று மணிக்கணக்கில் அடித்தது. ஓட்டுக்குள் புகுந்து அது போட்ட ஊளையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. பிறகு சட்டென்று நின்றது. இலை அசையவில்லை. எங்கள் தெருவில் ஒரு சித்தப்பா முறைக்காரர், "முடிந்துபோய்விட்டது, மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று டார்ச் விளக்கோடு இறங்கினார். கொட்டகைக்குப் போய்ச் சேர்வதற்குள் தெற்கிலிருந்து அடுத்த காற்று வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே வீடு திரும்பினார். அவர் விட்ட டார்ச் விளக்கு மறுநாள் வாய்க்காலில் கிடந்தது. வடக்குக் காற்றில் ஒரு பக்கம் ஆடி வேர் தளர்ந்த மரங்களை இந்தத் தெற்குக் காற்றுதான் அடியோடு பிடுங்கியது. ஆகவே, காற்று படிப்படியாகக் குறைந்தால் புயல் போகிறது. திடீரென்று நின்றால் புயல் பாதிதான் முடிந்திருக்கிறது. இதைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். மாட்டை முன்மாலையிலேயே அவிழ்த்து, மரமும் கம்பியும் இல்லாத மேட்டில் விட்டுவிட வேண்டும். கட்டிய கயிற்றோடு கொட்டகைக்குள் செத்த மாடுகள்தான் அதிகம்.

சரி, விடிந்தது. இனி ஊரின் வேலை.

கஜாவில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். மின்வாரியத் தொழிலாளர்கள் வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளம், ஆந்திரத்திலிருந்தும் வந்து, சேற்றில் தோள்மேல் கம்பத்தைச் சுமந்து நட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் துணை மின்நிலையம், நகரம், நெடுஞ்சாலை ஊர், பிறகுதான் உள்கிராமம், கடைசியில் தோட்டத்து வீடு என்றுதான் வேலை நடக்கும். வேறு எப்படியும் நடக்காது. உங்கள் ஊருக்கு மின்சாரம் வரக் குறைந்தது பதினைந்து நாள் ஆகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

கணக்கில் முதலில் வருவது தண்ணீர். உங்கள் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் என்றால், முந்நூறு குடும்பத்துக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு 100 லிட்டர். ஒரு நாளில் தீரும். புயலுக்கு முதல் நாள் தொட்டியை நிரப்பி, குழாயைத் திறக்காமல் பூட்டி வைக்க வேண்டும். அதற்குமேல் ஆழ்குழாய் மோட்டாரை ஓட்ட ஜெனரேட்டர்தான் வழி. கஜாவுக்குப் பிறகு ஜெனரேட்டர் வாடகை விண்ணைத் தொட்டது. ஒரு ஊரில் இறைத்து முடித்ததும் அடுத்த ஊர்க்காரர்கள் டிராக்டரோடு வாசலில் காத்திருந்தார்கள். அதைவிட வேடிக்கை, சில ஊர்களில் கல்யாண வீட்டுக்கு விளக்குப் போடும் சின்ன ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இணைத்துப் பார்த்து, மோட்டார் முனகியதே தவிரத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதற்குத் தகுந்த மும்முனை ஜெனரேட்டர் வேண்டும். உங்கள் ஊர் மோட்டார் எத்தனை குதிரைத்திறன், அதற்கு எத்தனை கேவிஏ (ஜெனரேட்டர் திறனின் அளவு) வேண்டும் என்று மெக்கானிக்கிடம் கேட்டு மோட்டார் அறைச் சுவரிலேயே பெயின்டால் எழுதி வையுங்கள். டிராக்டரில் பூட்டி ஓட்டுகிற ஜெனரேட்டர் கிடைத்தால் நான்கு ஊர் சேர்ந்து வாங்கலாம். செலவு பங்காகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜெனரேட்டரை மோட்டார் அறையில் இணைக்கும்போது மின்வாரிய இணைப்பை முழுதாகத் துண்டிக்கும் மாற்று சுவிட்ச் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் ஜெனரேட்டரின் மின்சாரம் பின்வழியாக லைனுக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்கிற யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையைக் கொன்றுவிடும். இந்த சுவிட்சை ஊராட்சிச் செலவில் இப்போதே பொருத்தச் சொல்லுங்கள்.

பழைய அடிபம்புகளை அலட்சியப்படுத்தாதீர்கள். வீட்டுக்கு வீடு குழாய் வந்தபின் பல ஊர்களில் அடிபம்பு துருப்பிடித்து, கைப்பிடி இல்லாமல் நிற்கிறது. வாஷர் மாற்றப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கஜாவின்போது ஓர் அடிபம்பு ஒரு தெருவையே காப்பாற்றியதை நான் பார்த்தேன். இரண்டு மூன்று பம்புகளை ஆண்டுதோறும் புரட்டாசியில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பாதை. புயலுக்கு மறுநாள் காலை எங்கள் ஊரிலிருந்து பிரதான சாலைக்குப் போகிற வழியில் பத்தடிக்கு ஒரு மரம். மீட்புப் படை வரும் என்று உட்கார்ந்திருந்த ஊர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தன. அரிவாளும் கோடரியும் எடுத்துக்கொண்டு இறங்கிய ஊர்கள் அன்று சாயங்காலமே ஆம்புலன்ஸ் வருகிற அளவுக்கு வழி திறந்தன. மரம் அறுக்கும் பெட்ரோல் இயந்திரம் உங்கள் ஊரில் யாரிடம் இருக்கிறது, அதை ஓட்டத் தெரிந்தவர்கள் யார், மாற்றுச் சங்கிலியும் எண்ணெயும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்ரோலைக் கேனில் முதல் நாளே வாங்க வேண்டும். கரண்ட் போனால் பங்க்கும் ஓடாது. கம்பி சுற்றிக்கொண்ட மரத்தை மட்டும் மின்வாரிய ஆள் வந்து பார்க்கும் வரை தொடாதீர்கள். சாய்ந்த மரத்தை அறுக்கும்போது அது எந்தப் பக்கம் துள்ளும் என்பது அனுபவசாலிக்குத்தான் தெரியும். இளைஞர்கள் உற்சாகத்தில் இதில் கால் ஒடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

கைப்பேசி பற்றிச் சுருக்கமாக: டவர் விழும், டவரில் டீசல் தீரும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. அந்த எண்களுக்குக்கூடப் பேச முடியாத நாளில், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மோட்டார் சைக்கிளிலோ சைக்கிளிலோ போகிற இரண்டு பேர் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

நிவாரணப் பொருள் விஷயத்தில் உள்கிராமங்கள் பட்ட பாடு பெரிது. மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ நல்ல மனசோடு வண்டி வண்டியாகப் பொருள் வந்தது. வந்த வண்டியைப் பிரதான சாலை ஊர்களே மறித்து இறக்கிக்கொண்டன. அவர்களுக்கும் பசிதான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரே தெருவுக்கு நான்கு தடவை பிஸ்கட் கிடைத்தது, இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்த காலனிக்குத் தார்ப்பாய் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பழைய துணி மட்டும் சாலையோரம் மலைபோல் குவிந்து மழையில் மக்கியது. உங்கள் ஊர் செய்ய வேண்டியது: குடும்ப அட்டை வாரியாகப் பட்டியல் ஒன்று கையில் இருக்கட்டும். அதில் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், படுத்த படுக்கையானவர்கள், சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கட்டும். அதன் நகலோடு ஒருவர் கூட்டுரோட்டில் நிற்க வேண்டும். என்ன வேண்டும் என்று கேட்டால் தார்ப்பாய், கொசுவத்தி, மெழுகுவத்தி, பால்பவுடர், நாப்கின், குடிநீர் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பழைய துணி வேண்டாம் என்பதையும் தயங்காமல் சொல்ல வேண்டும். பொருள் வந்ததும் கடைசித் தெருவிலிருந்து கொடுத்துக்கொண்டு வாருங்கள். முதல் தெருவுக்கு எப்படியும் வந்துசேரும்.

இனி நான் நேரில் கண்ட துறை, கணக்கெடுப்பு. அரசு அப்போது விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு. நன்றாகக் காய்க்கிற ஒரு மரம் ஒரே ஆண்டில் அந்தப் பணத்தைச் சம்பாதித்துத் தந்துவிடும். புதுக்கன்று காய்க்கவோ ஐந்தாறு வருஷம். ஆனால் அந்தத் தொகையையும்கூடப் பலர் வாங்க முடியாமல் போனது காகிதத்தால். தோப்பில் நாற்பது வயது மரங்கள் நிற்கும். அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்க் கணக்கில், நஞ்சை, நெல் என்றே இருக்கும். பட்டா இறந்துபோன தாத்தா பேரில், பங்காளிகள் ஐந்து பேர். குத்தகைக்கும் கோயில் நிலத்திலும் சாகுபடி செய்பவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. வரப்பு மரமும் கொல்லை மரமும் எந்தக் கணக்கிலும் இருக்காது. விழுந்த மரத்தின் அருகில் நின்று "ஐயா, எழுதிக்கொள்ளுங்கள்" என்று கைகூப்பியவர்களுக்கு, எந்தக் கலத்தில் எழுதுவது என்று தெரியாமல் நாங்கள் நின்றோம்.

இதைப் புயலுக்கு முன்பே சரிசெய்யலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் தென்னையை ஏற்றச் சொல்லுங்கள். தோப்பைச் சர்வே எண்ணோடு, மரம் நிற்கும்போதே ஒவ்வொரு ஆண்டும் படம் எடுத்து வையுங்கள். விழுந்த மரத்தைக் கொண்டு முன்பு எத்தனை நின்றது என்று நிரூபிப்பது கஷ்டம். தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. பிரீமியத்தில் பெரும்பகுதியை மத்திய, மாநில அரசுகள் கட்ட, விவசாயி கட்டுவது மரத்துக்குச் சில ரூபாய்தான். கஜாவுக்கு முன் நம் பக்கம் அதைச் சீந்தியவர்கள் சொற்பம். சம்பா நெல்லுக்கான பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும். புயலும் அப்போதுதான் வரும். கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள்.

தோப்புக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. புயல் அறிவிப்பு வந்ததும் முற்றிய குலையையும் இளநீரையும் இறக்கி, அடிமட்டைகளைக் கழித்துவிட்டால் மரத்தலையின் பாரமும் காற்றுப் பிடிப்பும் குறையும். எல்லா மரத்தையும் அது காப்பாற்றாது, சிலவற்றைக் காப்பாற்றும். விழுந்தபின் அடிமரத்தைத் தோப்பிலேயே மக்கவிட்டால் காண்டாமிருக வண்டு அதில்தான் குஞ்சு பொரிக்கும், பிழைத்த மரத்தையும் புதுக்கன்றையும் அடுத்த ஆண்டே தின்னும். இளமரங்கள் சாய்ந்திருந்தால் வேர் காயுமுன் நிமிர்த்தி முட்டுக் கொடுத்து மண் அணைக்கலாம்.

வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் அதை ஆவணிக்குள் அகற்றச் சொல்லி ஊராட்சியை நெருக்குங்கள். இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

எப்போது தொடங்குவது? ஆகஸ்ட் 15 கிராம சபையில் பொருளாக வைத்துத் தீர்மானம் போடுங்கள்: மாடி வீட்டுப் பட்டியல், ஜெனரேட்டர் சுவிட்ச், அடிபம்பு பழுது, மரம் அறுக்கும் இயந்திரம். தீர்மானமாக ஏறினால்தான் ஊராட்சி நிதியில் செலவு செய்ய வழி பிறக்கும். அக்டோபர் 2 கிராம சபையில் ஒவ்வொன்றும் முடிந்ததா என்று எழுந்து கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை அதற்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தொடங்கும், ஆகவே விட்டுப்போனதைச் செய்ய அவகாசம் இருக்கும். புயலே வராத ஆண்டில் "வீண் செலவு" என்று யாராவது சொல்வார்கள். 2020இல் நிவர் புயல் நம்மை விட்டு வடக்கே மரக்காணம் பக்கம் போனபோதும் அப்படிச் சொன்னார்கள். பழுதுபார்த்த அடிபம்பு சித்திரையிலும் தண்ணீர் தரும் என்று பதில் சொல்லிவிட்டு, பட்டியலில் புதிதாகக் கட்டிய மாடி வீடுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.